ஒரே வீட்டில் இரண்டு அலைகள்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பாட்டுக் கேட்க ஒரு காலத்தில் வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகினால் போதும். இன்றோ இணையத்திலிருந்து ரௌட்டர் வழியே பாட்டை வாங்கிப் பாடும் ஒலிபெருக்கிகள் வந்துவிட்டன. ஆனால் சில வீடுகளில் ரௌட்டரும் பாட்டுக் கருவியும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. குற்றம் யாருடையது?

வீட்டு ரௌட்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். அதன்படி முன்னதன் அலைநீளம் 12.5 செ.மீ.; பின்னதற்கு 6 செ.மீ. முன்னது சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் எட்டும்; ஆனால் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே இயங்குவதால் நெரிசல் மிகுதி. பின்னதில் வேகம் அதிகம். சுவர்களைக் கடக்கும்போது வலு குன்றிவிடும். நம் நாட்டில் 2.4 அலைவரிசை 2005-இல் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. 5-இல் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018-இல் வழி பிறந்தது.

விலை குறைந்த கருவிகள் பலவற்றில் 2.4 மட்டுமே உண்டு. 2013-இல் கூகுள் வெளியிட்ட முதல் குரோம்காஸ்ட் அத்தகையதே. 2015-இல் வந்த குரோம்காஸ்ட் ஆடியோ இரண்டையும் அறியும். ரௌட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் முதல் வகைக் கருவி ஊமைதான். ஆயினும் அது பழுதான கருவி அன்று. குறுந்தகட்டின் தரத்துக்கே நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். நெரிசல் கடுமையாக இல்லாவிடில் 2.4 அதைத் தாராளமாகச் சுமக்கும்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் வீட்டில் புது ஒலிபெருக்கி இணையவில்லை. கடையில், "ரௌட்டரையே மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்கிற பிள்ளை என்று என்னை அழைத்தார்கள். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் அணைந்திருந்த 2.4-ஐத் திறந்து, குழப்பம் வராதிருக்க இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். பாட்டு வந்தது. கடைக்காரர் சொல்லை நம்பியிருந்தால் அவருடைய சில நாள் கூலி வீணாகியிருக்கும்.

எனவே நான் சொல்வது இதுதான்: எந்த அலைவரிசையில் கருவி இயங்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே, தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். மின்விளக்கின் பெட்டியில் எத்தனை வாட் என்று போடுவதில்லையா? "வாங்குபவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டுமே" என்பாரும் உளர். எங்கே படிப்பது? பணம் கட்டிய பிறகு பெட்டிக்குள்ளிருந்து கிடைக்கும் பொடி எழுத்துத் தாளிலா?

அறிவியல் பயிலும் நண்பர்களே! அந்த அச்சு வரும்வரை அதன் வேலையை நாம் செய்வோம். கருவி வாங்கப் புறப்படும் அண்டை வீட்டாரிடம், "எந்த அலைவரிசை என்று முதலில் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். தேர்வுத் தாளில் நாம் எழுதும் அலைநீளம் நம் தெருவுக்கும் பயன்படட்டும்!