பிரிக்காத சொல்

தேர்தல் வந்தால் கொங்கு நாட்டில் ஏதாவது ஒரு கல்லூரி மைதானம் 'ஹெலிபேட்' ஆகிவிடுகிறது. வேடிக்கை பார்க்க வருகிற படித்தவர்களிடம் நான் கேட்பதுண்டு: ஹெலிகாப்டரை எங்கே பிரிப்பது? 'ஹெலி', 'காப்டர்' என்பார்கள். தவறு. 1861-ல் பொந்தோன் தாமெகூர் என்ற பிரெஞ்சுக்காரர் கட்டிய சொல் அது. கிரேக்கத்தில் 'ஹெலிகோ' என்றால் திருகுச்சுருள். 'ப்டெரான்' என்றால் இறக்கை. நாக்கு 'ஹெலி'யில் வெட்டிவிட்டது. அர்த்தத்தின் மூட்டோ 'ஹெலிகோ'வுக்குப் பிறகு இருக்கிறது.

நாக்கின் வெட்டும் அர்த்தத்தின் வெட்டும் வேறு என்பது தமிழனுக்குப் புதிதா? முன்னது யாப்பின் அசை. பின்னது நன்னூலின் பகுபதம். பவணந்தி பிறந்தது சீனாபுரம் என்று ஈரோட்டுப் பக்கம் பெருமை பேசுகிறோம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று அவர் தந்த கத்தியை என்ன செய்தோம்? 'வந்தனன்' மேல் வைத்து மார்க் வாங்கினோம். பகுபதத்துக்கு அவர் சொன்ன எல்லை ஒன்பது எழுத்து. விஞ்ஞானச் சொல் அதைத் தாண்டியதும் நம் புலவர்கள் கத்தியை உறையில் போட்டுவிட்டார்கள்.

நான் தமிழில் படித்துவிட்டுக் கோவைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தவன். ஒருநாள் கரும்பலகையில் 'எலெக்ட்ரோஎன்செஃபலோகிராம்' என்று எழுதினார்கள். உடைத்துக் காட்டவில்லை. மின்சாரம், தலைக்குள் இருப்பது, வரைவு: அரை நிமிஷ வேலை. நாங்கள் எழுத்தெழுத்தாக உருப்போட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அந்த வருஷமே ஊருக்குத் திரும்பித் தறி ஓட்டப் போனான். அவனுக்கு மூளை போதாது என்றார்கள். மூளையைக் குறிக்கிற சொல்லைக்கூட அவனுக்குத் திறந்து காட்டியவர் யாருமில்லை.

பிரித்தால் போதுமா, துண்டுதுண்டாகப் பெயர்க்க வேண்டாமா என்று தனித்தமிழ் நண்பர்கள் கேட்கலாம். அது இன்னொரு மூடபக்தி. லவாஸியே வைத்த 'ஆக்ஸிஜன்' என்ற பெயருக்கு அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று அவர் நம்பினார். உப்பிலிருந்து எடுக்கும் அமிலத்தில் அது இல்லை என்று 1810-ல் டேவி காட்டிவிட்டார். அப்படியே பெயர்த்தால் தப்பைத்தான் தமிழாக்குவோம். ஆனால் தப்பு இருப்பது தெரிவதே பிரித்துப் பார்த்தவனுக்குத்தான்.

ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' நடத்திய ஊர் இது. இங்கே விஞ்ஞானத்துக்குத் தமிழ் போதுமா என்று இன்னமும் வாதாடுகிறவர்களுக்கு என் பதில் ஒன்றே: முதலில் சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். பெயர்ப்பதா, அப்படியே வைத்துக்கொள்வதா என்பதைப் பையன்கள் முடிவு செய்துகொள்வார்கள்.