மூடிய கடைக்கு வெளியே நிற்கும் நோயாளி

கேரளத்தில் குடியைப் பற்றிய அரசியல், கடை திறப்பதா மூடுவதா என்ற ஒரே கேள்வியில் முப்பது ஆண்டுகளாகச் சிக்கிக் கிடக்கிறது. 1996 ஏப்ரலில் ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடை செய்தது. 2014இல் உம்மன் சாண்டி அரசு, ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டுமே பார் என்றது. 2017இல் பினராயி விஜயன் அரசு மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கும் திறந்துவிட்டது. இந்த இழுபறியில், குடியை விட நினைத்தும் விட முடியாதவர் பேச்சிலேயே இல்லை. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் மதுக்கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோதுதான் அவர் கண்ணில் பட்டார். சில நாட்களிலேயே தற்கொலைச் செய்திகள் வரத் தொடங்கின. மருத்துவர் சீட்டு எழுதினால் மது தரலாம் என்று அரசு ஆணையிட்டது, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நீதிமன்றம் செய்தது சரி. நாள்பட்ட குடிநோயாளி திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், மனம் பிறழும், உயிரும் போகலாம். அதற்கு வேண்டியது மருந்தும் மருத்துவமனைப் படுக்கையும், மதுப்புட்டி அல்ல.

அந்தப் படுக்கைதான் பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது. கடையை மூடினால் குடும்பங்கள் பிழைக்கும் என்று பெண்கள் சொல்வதை நான் ஒதுக்கவில்லை. அடிபட்டவர்களின் சொல் அது. மது எளிதில் கிடைக்காதபோது புதிதாகக் குடிக்கத் தொடங்குகிறவர்கள் குறைவார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஏற்கெனவே அடிமையானவர் வேறு வழி தேடுவார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது, அரசின் டாஸ்மாக் கடைகள் திறந்திருந்த மாநிலத்தில்தான். மலிவு விலையும் குடித்தே ஆகவேண்டிய கட்டாயமும் சேர்ந்த இடத்தில் கடை திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றுதான்.

போதைப்பொருளிலும் நோயாளியை மறக்கும் இதே தவறு நடக்கிறது. 2024இல் கேரளத்தில் பதிவான வழக்குகள் 27 ஆயிரத்தைத் தாண்டின. பஞ்சாபைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த எண் முதலில் காட்டுவது காவல்துறையின் வேகத்தை. பயன்படுத்துகிறவர்களின் தொகையை அல்ல. பத்து கிராமுக்கு மேல் எம்டிஎம்ஏ பிடிபட்டுக் குற்றம் நிரூபணமானால் குறைந்தது பத்தாண்டு கடுங்காவல். வியாபாரிக்கு அது பொருந்தும். அடிமையான இளைஞனிடம் இரக்கம் காட்டினால் சட்டத்தின் மீது பயம் போய்விடும் என்பார்கள். ஆனால் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சட்டத்தில் இருக்கும் இந்த வாசல் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

சிகிச்சை எவ்வளவு எட்டாமல் இருக்கிறது என்பதற்கு, திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் புழங்கும் பகுதி. சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைக்கும் உழைப்பாளிகள் நடமாடும் இடம். மாநில அரசின் விமுக்தி என்ற போதை ஒழிப்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கான சிகிச்சை மையம் நெய்யாற்றின்கரையில் இருக்கிறது. நகரத்துக்குள் ஊளம்பாறை மனநல மருத்துவமனை உண்டு. அந்தப் பெயரே ஊர்க்கேலியாகிவிட்டதால் வாசல்படி மிதிக்கக் கூசுகிறார்கள். தினக்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை இழந்து நெய்யாற்றின்கரை வரை போகமாட்டார். கோட்டை தாலுகா மருத்துவமனையில், சந்தை ஓய்ந்த மாலை நேரத்தில், தமிழிலும் மலையாளத்திலும் பேசும் ஆலோசகரோடு குடிநோய்க்கென ஒரு புறநோயாளிப் பிரிவு வேண்டும். மது விற்பனையில் அரசுக்கு வரும் வரியில் ஒரு பங்கைச் சட்டப்படி இதற்கென ஒதுக்கினால் பணம் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்காது.