படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எதற்கு ஃபோனிக்ஸ்?

ஆங்கிலக் கதைப் புத்தகத்தைத் தானாகவே படித்து முடிக்கிற பிள்ளையை, எழுத்தை ஒலியோடு இணைத்துப் படிக்கக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் வகுப்பில் மறுபடியும் உட்கார வைப்பது வீண். ஸ்பெல்லிங் பாடமே போதும் என்பது என் கட்சி. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி ஆங்கிலம். அதில் எழுத்தைப் பார்த்து ஒலிப்பதைவிட, ஒலியைக் கேட்டு எழுதுவதே கடினம். ‘ரெயின்’ நடுவில் ஏ-ஐ, ‘ப்ளே’ கடைசியில் ஏ-ஒய் என்று புரிந்து எழுதும் பிள்ளை ஒலிவிதியையும் சேர்த்தே கற்கிறது. ஆனால், பத்துச் சொற்களை உருப்போட்டு வெள்ளிக்கிழமை ஒப்பித்து, திங்கட்கிழமை மறந்துபோவதற்குப் பெயர் ஸ்பெல்லிங் பாடமல்ல.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்தே சரளமாகப் படிப்பதுபோல் காட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொற்களில் 20 பொருளே இல்லாத பொய்ச்சொற்கள். அங்கே மனப்பாடம் உதவாது. வீட்டிலும் அப்படி நாலைந்து சொற்களை எழுதிக் காட்டுங்கள். தயங்காமல் வாசித்தால் ஸ்பெல்லிங்குக்குப் போகலாம். தடுமாறினால், வயதைப் பார்க்காமல் ஃபோனிக்ஸையே தொடருங்கள்.