ஐந்தொகை போடுங்க சார்!

சம்பளம் ஒண்ணாம் தேதி. பத்தாம் தேதி பர்ஸில் பழைய பஸ் டிக்கெட்டும் பிள்ளையார் படமும்தான் மிச்சம். ‘எங்கேய்யா போச்சு?’ என்றால், ‘தெரியலையே!’

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் இந்தப் பதில் செல்லாது. அன்றாட வரவு செலவு ஏட்டில் ஏறும், பேரேட்டுக்குப் போகும், கடைசியில் ஐந்தொகை. இருப்பு எவ்வளவு, வரவேண்டியது, தரவேண்டியது எவ்வளவு... எல்லாம் பளிச்சென்று தெரியும்.

கடன் கொடுத்தவர்களே அத்தனை கணக்கு எழுதினார்கள். வாங்குகிற நாம்?

தெருவில் ‘மூணு வட்டி’ என்றால் அலறுகிறோம். கிரெடிட் கார்டில் மூன்றரை வட்டி என்றால் சிரித்துக்கொண்டே கையெழுத்து! 20,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி, 700. அதன்மேல் ஜி.எஸ்.டி. 126. ‘மினிமம்’ என்று 1,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 174 ரூபாய்தான்!

வருமானம் விழலாம், கடன் விழாது. 1930களில் நெல் விலை சரிந்தது. பர்மா விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை. 1937 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு மாறியிருந்தது.

ஆகவே இன்று ராத்திரியே உட்காருங்கள். எல்லாக் கடனையும் எழுதுங்கள், நண்பனிடம் வாங்கிய ஐநூறு உள்பட. பக்கத்திலேயே வட்டி விகிதம். எல்லாத் தவணையையும் தவறாமல் கட்டிவிட்டு, மிச்சப் பணத்தை அதிக வட்டிக் கடன் தலையில் போடுங்கள். அது தீரும்வரை புதுக் கடனுக்குக் கும்பிடு.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அதையாவது ரொக்கத்துக்கு வாங்குங்க சார்!