பழைய வாசலில் ஒரு கையெழுத்து

ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் கோடீசுவரனாகிவிட்டால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ ஒரு கூட்டம் உண்டு. "பார்த்தாயா, முயன்றால் முடியும்! நீ முயலவில்லை, அதனால்தான் இன்னும் மூட்டை சுமக்கிறாய்" என்று தட்டிக் கொடுப்பதுபோலப் பாட்டாளியின் முதுகிலே ஒரு குத்தும் குத்திவிட்டுப் போவார்கள். வாட்ஸ்அப்பை உருவாக்கிய ஜான் கூம் அவர்களின் வரலாறு அப்படித்தான் ஊரூராகச் சொல்லப்படுகிறது. நாமும் சொல்லுவோம். ஆனால், பாதியில் நிறுத்திவிட மாட்டோம்.

1976-ல் சோவியத் உக்ரைனின் கீவ் நகரிலே பிறந்தவர். வீட்டிலே வெந்நீர் வசதி கிடையாது. தொலைபேசியில் மனம்விட்டுப் பேச முடியாது; எங்கோ ஒரு காது ஒட்டுக் கேட்கிறது என்ற அச்சம். 1992-ல், பதினாறு வயதில், தாயுடன் அமெரிக்காவிலே மவுண்டன் வியூ என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். போகிற நாட்டில் நோட்டுப் புத்தகத்துக்குக் காசு கொடுக்க வேண்டுமே என்று, சோவியத் நாட்டுப் பேனாக்களையும் நோட்டுகளையும் பெட்டியிலே அடுக்கிக் கொண்டுவந்தார் அந்தத் தாய் என்றால், நிலைமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்! தாய் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக் கொண்டார். மகன் மளிகைக் கடையிலே தரை கூட்டினார். அரசினர் தரும் உணவுச் சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள்.

பழைய புத்தகக் கடையில் நூல் வாங்கிப் படித்து, படித்ததும் அங்கேயே திருப்பிக் கொடுத்து, கணினி நுட்பத்தைத் தாமே கற்றவர் கூம். 1997-ல் யாஹூ நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கே நண்பரானவர் பிரையன் ஆக்டன். 2007-ல் இருவரும் யாஹூவை விட்டு விலகினார்கள். பிறகு பேஸ்புக்கிலே வேலை கேட்டார்கள். கிடைக்கவில்லை!

2009 பிப்ரவரி 24, தம் பிறந்தநாளன்று, கூம் வாட்ஸ்அப் நிறுவனத்தைப் பதிவு செய்தார். ஆக்டனும் வந்து சேர்ந்தார். கூமின் மேசைமேல் ஆக்டன் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, வித்தை இல்லை என்பதே அதன் சாரம். ஒட்டுக் கேட்கும் காதுக்கு அஞ்சி வளர்ந்த பிள்ளையல்லவா! பயன்படுத்துவோரின் பெயர், வயது, விருப்பு வெறுப்பு எதையும் துருவவில்லை. தொலைபேசி எண் போதும் என்றார். ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணம், கணக்கு முடிந்தது. நேர்மையான ஏற்பாடு என்றே இதை நாம் சொல்லுவோம். மாற்றார் என்பதற்காக நல்லதை மறைக்கும் பழக்கம் நமக்கில்லை.

2014 பிப்ரவரியில், வேலை இல்லை என்று அனுப்பிய அதே பேஸ்புக் 1,900 கோடி டாலர் விலை பேசி வாட்ஸ்அப்பை வாங்கிற்று. விற்பனைப் பத்திரத்தில் கூம் எங்கே கையெழுத்திட்டார் தெரியுமா? உணவுச் சீட்டுக்காக அன்று வரிசையில் நின்றாரே, அந்தப் பழைய அலுவலகத்தின் வாசலிலே!

கதை சொல்லுவோர் இந்த இடத்திலே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து விடுவார்கள். நாம் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

2013-ல் வாட்ஸ்அப்பின் வருமானம் ஏறத்தாழ ஒரு கோடி டாலர். நட்டமோ 13 கோடிக்கும் மேல். அங்கே வேலை செய்தவர்கள் ஐம்பத்தைந்து பேர். இதற்கா 1,900 கோடி? அல்ல. அன்று அதைப் பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 42 டாலர்! விலைபோனது அந்தத் தலைகள். அந்த 45 கோடிப் பேரில் ஒருவரையாவது, "உன்னை விற்கப் போகிறோம், சம்மதமா?" என்று கேட்டார்களா?

"கொள்கை மாறாது" என்றுதான் கூம் அன்று உறுதி கூறினார். அவர் பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. ஆனால், மில் கைமாறும் காலத்திலே பழைய முதலாளி, "உங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள், நான் சொல்லியிருக்கிறேன்" என்று தேறுதல் கூறுவதை நம் தோழர்கள் கேட்டிருப்பார்கள். அதை ஒப்பந்தத்திலே எழுதி வாங்கினோமா என்பதல்லவா சங்கத்திலே எழும் முதற் கேள்வி! இங்கே சங்கமுமில்லை, ஒப்பந்தமுமில்லை. இருந்தது மேசைமேல் ஒரு சீட்டு.

2016 தொடக்கத்திலே ஒரு டாலர் கட்டணம் ஒழிந்தது. இலவசம் என்றதும் கைதட்டினோம்! அதே ஆண்டு ஏப்ரலில், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாத பூட்டு எல்லாச் செய்திகளுக்கும் போடப்பட்டது. கூமும் ஆக்டனும் செய்த பெரும்பணி அது, இன்றளவும் நிற்கிறது. ஆனால் ஆகஸ்டில், தொலைபேசி எண்ணைப் பேஸ்புக்கோடு பகிர்ந்துகொள்ளும் விதி வந்தது. இரு கணக்குகளையும் தாமாகவே பொருத்திப் பார்க்க வழியில்லை என்று 2014-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் கூறியிருந்தது பேஸ்புக். அது தவறான தகவல் என்று 2017 மே திங்களில் 11 கோடி யூரோ அபராதம் விழுந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

2017-ல் ஆக்டன் வெளியேறினார். கைக்கு வரவேண்டிய ஏறத்தாழ 85 கோடி டாலர் பெறுமான பங்குகளை உதறிவிட்டுப் போனார். பயன்படுத்துவோரின் அந்தரங்கத்தை விற்றேன் என்று அடுத்த ஆண்டு ஃபோர்ப்ஸ் ஏட்டின் பேட்டியில் தாமே ஒப்புக்கொண்டார். சிக்னல் என்ற, விளம்பரமில்லாச் செயலிக்காக ஐந்து கோடி டாலர் தந்தார். 2018 ஏப்ரலில் கூமும் விடைபெற்றார். பழைய போர்ஷ் கார்களைச் சேர்க்கப் போவதாக அறிவித்தார். சேர்க்கட்டும், தரை கூட்டிய கை காரோட்டுவதில் நமக்கென்ன பொறாமை?

நம் கேள்வி காரைப்பற்றியதன்று. உலகிலேயே வாட்ஸ்அப்பை மிக அதிகம் பேர் பயன்படுத்தும் நாடு இந்தியா. ஆலை வாயிற் கூட்டத்துக்கு அழைப்பும், ஊரில் தாய்க்குக் காய்ச்சல் என்ற சேதியும் அதில்தான் வருகின்றன. இத்தனை பேர் நடக்கும் பாதைக்கு விதி வகுப்பது சட்டமன்றங்களின் வேலையா, ஒரு கம்பெனியின் விருப்பமா? நல்ல மனிதர் ஒருவர் நாற்காலியில் இருக்கும்வரை இந்தக் கேள்வி எழவில்லை. அவர் எழுந்ததும் எழுந்தது.

2025 ஜூன் திங்களில், வாட்ஸ்அப்பின் 'அப்டேட்ஸ்' பகுதியில் விளம்பரங்கள் இடம்பெறும் என்று அறிவித்தார்கள். தனி உரையாடல்களுக்குள் வராது என்று இம்முறையும் உறுதி கூறப்பட்டது. அந்த அறிவிப்பு வந்த நாளில் கூமும் அங்கில்லை, ஆக்டனும் அங்கில்லை.