ஓடையா, தொட்டியா?

கொச்சிக்கடை மாடிவீடுகளில் முற்றமில்லை. கண்ணாடி மீன்தொட்டி ஒன்றுக்கு இடமுண்டு. அதில் செரி பார்ப் மீனை வளர்க்கலாம் என்பேன். 1929இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்த இச்சிவப்பு மீன், இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்கே உரியது. அழகே அதற்கு வினையாயிற்று. விற்பனைக்காக ஓடைகளில் அள்ளினார்கள். தொட்டியிலே குஞ்சு பொரித்தால் ஓடை தப்பும்.

அவசரம் மட்டும் ஆகாது. குளோரின் நீக்கிய நீர், ஸ்பொஞ்ச் வடிகட்டி, நீர்ப்பாசி வேண்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் பக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் செல்லும். அதன்பின்பே மீன்களை விடவேண்டும். முட்டையிட்டதும் தாய்மீனையும் ஆண்மீனையும் அகற்றிவிடுங்கள். தம் முட்டைகளையே தின்றுவிடும். குஞ்சுகளுக்கு முதலில் நுண்ணுயிர்கள், பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் உணவு.

என்னைக் கேட்டால், கடையில் விலையைக் கேட்குமுன் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: இது ஓடையில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா?