குருமனையின் வெந்நீர்



அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நான் பங்குப் பணியாற்றிய நாள்களில் தங்கியிருந்த குருமனை மிகப் பழைய மரவீடு. அதன் நிலவறையில் எண்ணெயால் எரியும் கொதிகலன் ஒன்று உண்டு. கொதிகலன் என்றதும் நம் வீடுகளில் கரியிட்டு மூட்டிய செப்புப் பாய்லரை நினைத்துவிடாதீர்கள். அது குளிக்கும் நீரைக் காய்ச்சுவது. இதுவோ வீட்டுக்கே வெம்மையூட்டுவது. இதன் நீர் அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களில் ஓடித் திரும்பும். குளிப்பதற்கும் சமையலுக்குமான நீருக்காக அக்கொதிகலனுள் ஒரு செம்புச் சுருளைச் செருகியிருப்பார்கள். சுருளினுள் ஓடும் தண்ணீர், சூழ்ந்திருக்கும் நீரின் சூட்டை ஏற்று, அதனோடு கலவாமலே குழாய்க்கு வந்துசேரும்.

சுருள் எதையும் சேமித்து வைப்பதில்லை. நிமிடத்திற்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் அது தாளாது. சனவரியில் நகராட்சி நீரோ ஏறக்குறைய உறைநிலையிலேயே வரும். கீழே சமையலறைக் குழாயைத் திறந்தால் மேலே குளிப்பவர் நடுங்குவார். எங்களோடு எண்பது வயது கடந்த ஓய்வுபெற்ற குரு ஒருவர் இருந்தார். ஒரு விடியலில் நீலம் பாரித்த உதடுகளோடு குளியலறையிலிருந்து வந்தார், முறையிடவில்லை. மறுநாள் முதல் கெட்டிலில் நீர் காய்ச்சி வாளியில் ஊற்றிக் குளிக்கலானார். அதைக் கண்டு எனக்கு வெட்கமாயிற்று.

முதலில் வந்த பணியாளர், சுருளைக் கடந்து வரும் வழியிலேயே 150 லிட்டர்த் தொட்டி ஒன்றைப் பொருத்திக் கூலி பெற்றுச் சென்றார். இரவில் தொட்டி நீர் ஆறியது. காலையில் நிலைமை முன்னிலும் மோசம். பின்னர் ஞாயிறு திருப்பலி முடிந்து, குழாய்த் தொழிலில் முதிர்ந்த பங்குமகன் ஒருவர் நிலவறைக்கு இறங்கிப் பார்த்துச் சிரித்தார். "சுவாமி, இரண்டையும் வரிசையாக வைக்கலாகாது, வட்டமாக இணைக்க வேண்டும்" என்றார்.

அவர் செய்தது இதுவே. குளிர்நீர் தொட்டியின் அடியில் புகும். சிறிய பம்ப் ஒன்று அடிநீரை இழுத்துச் சுருள் வழியே செலுத்தித் தொட்டிக்கே திருப்பும். தொட்டி ஆறும்போது தெர்மோஸ்டாட் அப்பம்பை ஓட்டும், சூடேறியதும் நிறுத்தும். வீட்டுக்கு வேண்டிய நீர் தொட்டியின் உச்சியிலிருந்து செல்லும். சுருள் தன் மெதுவான போக்கில் காய்ச்சிக்கொண்டிருக்க, தொட்டி கேட்டவுடன் அள்ளித் தரும். பம்பின் உடல் வெண்கலமாயிருத்தல் வேண்டும்; வார்ப்பிரும்பைப் புதுநீர் துருவாக்கிவிடும். பம்ப் நின்றபின் நீர் தானே சுழன்று சூட்டை வீணாக்காதபடி, ஒரு திசையில் மட்டும் திறக்கும் வால்வும் வைத்தார். கோடையிலும் எண்ணெய் எரியத்தான் செய்யும். அச்செலவுக்கு இது முழு மருந்தன்று.

இரண்டு செய்திகளில் மட்டும் அவர் கண்டிப்புக் காட்டினார். தொட்டி நீர் 60 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும். 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டுக்கு வந்தோர் பலரை நுரையீரல் நோயால் மாய்த்த லெஜியோனெல்லா என்னும் கிருமி, இளஞ்சூட்டு நீரில் பெருகுவது. ஆனால் 60 டிகிரி நீர் ஐந்தே விநாடியில் தோலைச் சுட்டுவிடும். முதியோர் தோலுக்கு அவ்வளவும் வேண்டாம். ஆகவே வெளிவழியில் குளிர்நீர் கலந்து 49 டிகிரிக்குத் தணிக்கும் வால்வு ஒன்று. மற்றது, தொட்டியின் அழுத்தக் காப்பு வால்வு. அது சொட்டுகிறதென்று அடைத்த வீட்டில் தொட்டி வெடிகுண்டாகும் என்றார். சொட்டினால் காரணத்தைத் தேட வேண்டும், வாயை அடைக்கலாகாது.

மறுநாள் விடியலில் பெரியவர் குளிக்கச் சென்றார். நான் கீழே வேண்டுமென்றே சமையலறைக் குழாயை முழுதும் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். மேலிருந்து குரல் ஏதும் வரவில்லை. இருபது நிமிடங்கள் சென்றபின், பழைய இலத்தீன் பாடலொன்றை அவர் முணுமுணுப்பது கேட்டது.